ஆங்கிலத்தில 'அன்டில்' (until) எங்க வரும், 'பை' (by) எங்க வரும்?

அக்கரைப்பற்றில இருந்து கேட்ட தங்கச்சிக்கு,

வேலை விண்ணப்பத்தில "ஐ வில் சென்ட் த சர்டிஃபிகேட் அன்டில் ஃப்ரைடே" என்று எழுதியிருக்கிறீங்க. இலக்கணம் சரிபோலத்தான் தெரியும். ஆனால் வாசிக்கிறவருக்கு, வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தச் சான்றிதழைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பீங்க என்றுதான் விளங்கும். அங்கே வரவேண்டியது 'பை ஃப்ரைடே'.

'அன்டில்' என்றால் அந்த நேரம் வரைக்கும் வேலை இடைவிடாமல் நடக்கும். 'பை' என்றால் அதற்கு முன்னமோ அந்த நேரத்திலயோ ஒருதரம் முடியும். "ஐ வில் பீ அட் கல்லடி பிரிட்ஜ் அன்டில் சிக்ஸ்" என்றால் ஆறு மணிக்குப் பாலத்தை விட்டுப் போயிடுவீங்க. அதையே 'பை சிக்ஸ்' என்று எழுதினால் ஆறு மணிக்குள்ள அங்க வந்து நிற்பீங்க. ஆளைச் சந்திக்கப் போறவங்க இதில கவனம்!

வினைச்சொல்லுக்கு முன்னால 'தொடர்ந்து' சேர்த்துப் பாருங்க. 'தொடர்ந்து காத்திருப்பேன்' பொருந்துது, அதனால 'அன்டில்'. 'தொடர்ந்து ஒப்படைப்பேன்' பொருந்தாது, அதனால 'பை'.

எதிர்மறையில மட்டும் இந்தச் சோதனை பலிக்காது. "ஹீ டிடின்ட் கம் அன்டில் ஃபைவ்" சரியான வசனம்தான். ஆள் ஐந்து மணிக்குத்தான் வந்தார் என்று அர்த்தம்.

'க்குள்' இன்னொரு பொறி. 'வெள்ளிக்குள்' என்றால் 'பை ஃப்ரைடே', 'மூன்று நாளைக்குள்' என்றால் 'விதின் த்ரீ டேய்ஸ்'. 'விதின் ஃப்ரைடே' என்று எழுதிடாதீங்க.

'அன்டில் ஹீ வில் கம்' என்பதும் பிழை. 'அன்டில் ஹீ கம்ஸ்' என்றே எழுதுங்க.