கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்: ஹைட்ரேஞ்சியா கேள்வி பதில்

டொராண்டோவில் 12 குளிர்காலம் ஹைட்ரேஞ்சியா என்ற பூச்செடியோடு மல்லுக்கட்டிவிட்டு இப்போது தேன்கனிக்கோட்டையில் தோட்டம் போட்டிருக்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் பனி கொட்டும் ஊர்களில் நிறையப் பேர் இருப்பதால் கேள்வியில் பாதி அங்கிருந்து வந்தவை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

போச்சம்பள்ளி அம்மா ஒருவர்: மகள் டொராண்டோவில் இருக்கிறாள். வீட்டு வாசலில் ஹைட்ரேஞ்சியா வைத்து நாலு வருஷம் ஆகிறது. இலை தட்டு தட்டாக வருகிறது, ஒரு பூ இல்லை. வருஷா வருஷம் அக்டோபரில் சுத்தமாகக் கவாத்து செய்கிறாளாம்.

அம்மா, உங்கள் ஊரில் மாந்தோப்பு இல்லாத தெரு கிடையாது. காய் இறங்கினதும் கவாத்து செய்வீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் யாராவது கத்தரியோடு தோப்புக்குள் போனால் விடுவீர்களா? முற்றிய கிளை நுனியில்தானே தை மாதம் பூ வரும். உங்கள் மகள் வீட்டுச் செடியும் மாமரச் சாதிதான். பெரிய இலையும் பந்து பந்தாகப் பூவும் உள்ள மேக்ரோஃபில்லா, அடுத்த ஜூலையில் பூக்க வேண்டிய மொட்டை இந்த ஆகஸ்ட், செப்டம்பரிலேயே குச்சி நுனியில் கட்டிவிடும். அக்டோபரில் வெட்டினால் பூவை வெட்டிக் குப்பையில் போட்டதாகத்தான் அர்த்தம்.

வெட்டாமல் விட்டாலும் பாதி வேலைதான் முடிந்தது. மைனஸ் 20-ஐத் தொடும் ஜனவரி ராத்திரிகளை அந்த மொட்டு தாண்டி வரவேண்டும். அது கருகினாலும் வேர் பிழைத்துக்கொள்ளும், அடியிலிருந்து புதுத் தளிர் கிளம்பும். அதனால்தான் செடி ஜோராக இருக்கிறது, பூ மட்டும் இல்லை.

நவம்பர் கடைசியில், மண் உறைவதற்கு முன்னால், ஒரு தடவை நன்றாகத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். செடியைச் சுற்றிக் கம்பி வலையை வட்டமாக நிறுத்தி, உள்ளே காய்ந்த இலைச்சருகைக் குச்சி நுனி மறையும்வரை நிரப்பி, வெளியே சணல் சாக்கைச் சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம். வெயிலடித்தால் உள்ளே வெந்துவிடும். ஏப்ரலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கலாம். ஆனால் சாக்கைத் தூக்கி எறியக்கூடாது. நான் ஜனவரியில் இழந்த மொட்டைவிட மே மாதத்தில் இழந்தது அதிகம். நாலு நாள் இதமாக இருக்கும், மொட்டு விரியத் தொடங்கும், ஐந்தாம் நாள் ராத்திரி உறைபனி வந்து முடித்துவிடும். அந்த மாதிரி ராத்திரிக்கு ஒரு பழைய போர்வை கைவசம் இருக்கட்டும்.

மொட்டு உயிரோடு இருக்கிறதா என்று ஏப்ரலில் ஒன்றே ஒன்றை பிளேடால் நெடுக்காகக் கீறிப் பார்க்கலாம். உள்ளே வெண்டைப் பிஞ்சு மாதிரி பச்சையாக, ஈரமாக இருந்தால் பூ உண்டு. பழுப்பாகப் பொடிந்தால் அந்த நுனி போய்விட்டது. ஆனாலும் குச்சியை வெட்ட வேண்டாம். கீழே இருக்கும் கணுவில் இன்னொரு ஜோடி மொட்டு உயிரோடு இருக்கலாம்.

மத்தூர்த் தம்பி, இப்போது மினியாபொலிஸில்: அக்கா, சாக்கெல்லாம் கட்ட எனக்கு நேரமில்லை. சும்மா நட்டுவிட்டால் பூக்கிற வகை சொல்லுங்கள்.

மல்லிச் சாதியை வாங்குங்கள். கார்த்திகையில் மல்லியை ஒட்ட வெட்டினாலும் புதுத் தளிரில் பூக்கிறதே, அதே குணம். பேனிகுலாட்டா என்ற ஹைட்ரேஞ்சியா வகை உங்கள் ஊர்க் குளிருக்கு அசையாது. அனபெல்லும் அப்படித்தான், இல்லினாய் மாநிலத்தில் அன்னா என்ற ஊர்ப் பக்கம் கிடைத்த வகை, பூ வெள்ளைப் பந்து. இரண்டையும் பனி போனதும், துளிர்க்கும் முன் வெட்டலாம். நான் வெட்டலாம் என்று சொல்வது இந்த இரண்டுக்கு மட்டும்!

2004-ல் விற்பனைக்கு வந்த ‘எண்ட்லெஸ் சம்மர்’ பழைய குச்சியிலும் பூக்கும், புதுக் குச்சியிலும் பூக்கும். உங்கள் மினசோட்டா மாநிலத்தில் கண்டெடுத்ததுதான். ஆனால் பழைய மொட்டு கருகிப்போன வருஷம் புதுக் குச்சியில் தாமதமாகத்தான் பூக்கும், எண்ணிக்கையும் குறையும். பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்.

தர்மபுரி டவுன், மொட்டைமாடித் தோட்டம்: எனக்குப் பூக்குமா?

இட்லிப்பூ வையுங்கள். அதுவும் கொத்துக் கொத்தாகத்தான் பூக்கும்.

ஓசூரிலிருந்து: எங்களுக்கும் இட்லிப்பூதானா?

இல்லை, உங்களுக்கு வழி உண்டு. மேக்ரோஃபில்லா மொட்டுக் கட்ட, ராத்திரி வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே ஆறு வாரமாவது வேண்டும். நம் மேட்டுப் பகுதியில் மார்கழி, தையில் அது கிடைத்துவிடும். காலை வெயில் போதும், மதியத்துக்கு மேல் நிழல் கட்டாயம். மத்தியானம் இரண்டு மணிக்கு இலை துவண்டு தொங்கினால் உடனே குடத்தைத் தூக்காதீர்கள். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும்.

பாலக்கோடு ஆசிரியர்: ஊட்டியில் நீலமாக இருந்த செடியில் குச்சி வாங்கிவந்து வைத்தேன். இங்கே ரோஸ் நிறத்தில் பூக்கிறது. நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றவில்லை சார். நிறத்தைத் தீர்மானிப்பது வேர் உறிஞ்சும் அலுமினியம். ஊட்டி மண் புளிப்பு மண். மண்ணின் pH எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 5.5-க்குக் கீழே இருந்தால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து செடிக்குப் போகும், பூ நீலமாகும். pH 6.5-க்கு மேலே போனால் அலுமினியம் மண்ணிலேயே பூட்டிக்கொள்ளும், பூ ரோஸ். நம் போர் தண்ணீரில் பாத்திரமெல்லாம் வெள்ளைப் படலம் படிகிறதே, அந்தத் தண்ணீரை ஊற்றினால் மண்ணின் pH மேலே போகாமல் என்ன செய்யும்? டிஏபி போடுகிறவர்களுக்கும் இதே கதை: மணிச்சத்து அலுமினியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெள்ளை வகையை எதைப் போட்டாலும் நீலமாக்க முடியாது.

ராயக்கோட்டை அண்ணன் குறுக்கே: இதெல்லாம் எதுக்கு? துருப்பிடித்த ஆணி நாலு புதைத்தால் நீலம் வரும். எங்கள் தாத்தா செய்து நானே பார்த்திருக்கிறேன்.

அண்ணா, ஆணி இரும்பு. நீலத்துக்கு வேண்டியது அலுமினியம்.

மறுபடி அவரே: கண்ணால் பார்த்ததைப் பொய் என்கிறாயா?

பார்த்தது நிஜமாக இருக்கும். தாத்தா எந்த ஊரில் புதைத்தார்?

அவரே: குன்னூரில், டீ எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது.

தேயிலைக்கே புளிப்பு மண்தான் பிடிக்கும் அண்ணா! அங்கே ஆணி புதைக்காத செடியும் நீலமாகத்தான் பூத்திருக்கும்.

(இதற்குப் பிறகு ஆணிக்கு ஆதரவாகப் பதினோரு பேர், எதிராக ஆறு பேர். ஒருவர் ‘லாட ஆணிதான் வேலை செய்யும், சாதா ஆணி ஆகாது’ என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.)

ஆணிக்குப் பதில் படிகாரம் வாங்குங்கள். கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுகிறார்களே, அதுதான். அதில் அலுமினியம் இருக்கிறது. தூளாக்கி, 4 லிட்டர் மழைத்தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, ஏற்கெனவே நனைந்த மண்ணில் ஊற்ற வேண்டும். துளிர்விட்ட பிறகு மாதம் ஒரு முறை, மூன்று முறை போதும். அளவு கூடினால் வேர் கருகிவிடும். தரையைவிடத் தொட்டியில் இது சுலபம். அண்ணா, நீங்கள் ஒரு தொட்டியில் ஆணி, ஒன்றில் படிகாரம் வைத்து, இரண்டுக்கும் உங்கள் போர் தண்ணீரே விடுங்கள். பூத்ததும் படம் அனுப்புங்கள்.

காவேரிப்பட்டணம்: மகன் சிகாகோவில், அவன் செடியும் பூக்கவில்லை. குளிருக்கு முன்...

வெட்டினாரா? முதல் பதில்.

ஊத்தங்கரை: அக்கா, கனடாவில் அண்ணி வீட்டில் இலை மட்டும்...

முதல் பதில். வெட்டவில்லை என்றால், பக்கத்துப் புல்தரைக்குப் போடும் தழைச்சத்து உரம் செடிக்கும் போகிறதா என்று கேளுங்கள். அது இலையைத்தான் வளர்க்கும்.

தளி: ஆடு மேய்ந்துவிட்டது. மறுபடி துளிர்க்குமா?

செடி கிடக்கட்டும், ஆட்டைப் பாருங்கள். இலையிலும் மொட்டிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பர்கூர்: பிறந்தநாளுக்குக் கடையில் வாங்கித் தந்த தொட்டிச் செடியை மகள் ஒட்டாவாவில் தரையில் நடலாமா?

தொட்டியிலேயே இருக்கட்டும். இலை உதிர்ந்ததும் சூடேற்றாத கராஜில், 0-விலிருந்து 5 டிகிரிக்குள் வைத்து, மாதம் ஒரு டம்ளர் தண்ணீர். மே மாதம் உறைபனி நின்றதும் வெளியே எடுக்கலாம். நடுவில் குச்சி செத்ததுபோலத் தெரியும். நகத்தால் சுரண்டினால் பச்சை தெரிகிறதா பாருங்கள். வெட்டாதீர்கள்.

கெலமங்கலம்: அக்கா, இப்போதுதான் எல்லாம் படித்தேன். இன்று காலையில் என் வீட்டுக்காரர் செடியை ஒழுங்குபடுத்திவிட்டார்.

எத்தனை குச்சி மிச்சம்?

கெலமங்கலம்: இரண்டு. சுவர் ஓரமாக இருந்ததால் அவர் கண்ணில் படவில்லை.

அந்த இரண்டும் அப்படியே இருக்கட்டும். கத்தரியை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.