அடித்தொட்டியில் ஊற்றிய உப்பு எங்கே போகும்?

கேள்வி: அறைக்குள் எல்இடி விளக்கின் கீழ் ஹைட்ரோபோனிக்ஸ் முறையில் (மண்ணின்றி ஊட்டக் கரைசலில்) வளர்த்த தக்காளி, மிளகாய்ச் செடிகளைச் சென்ற வாரம் அடியிலிருந்து தானாக நீர் ஏறும் தொட்டிகளுக்கு மாற்றினேன். கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கட்டியை ஒருமுறை ஊறவைத்துப் பிழிந்து நிரப்பினேன். அடித்தொட்டியில் பழைய ஊட்டக் கரைசலையே ஊற்றியுள்ளேன். விளக்கு எரியும்போது செடிகள் வாடுகின்றன, அணைத்த பின் நிமிர்கின்றன. இலை விளிம்புகள் கருகுகின்றன. கடைக்காரர் சொல்லும் வேர் வளர்ச்சி டானிக்கை எந்த அளவில் கலக்க வேண்டும்?

பதில்: டானிக் வேண்டாம். விளக்கு அணைந்ததும் செடி நிமிர்கிறது என்றால் அந்த வாட்டம் தற்காலிகமானது. கரைசலிலேயே வளர்ந்த வேரில் வேர்த்தூவிகள் (நீரை உறிஞ்சும் நுண்ணிய மயிரிழைகள்) குறைவு. துகள்களுக்கிடையே நீரைத் தேடி உறிஞ்சும் புதிய வேர்கள் வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதுவரை அடித்தொட்டியைக் காலியாக வைத்து மேலிருந்தே நீர் ஊற்றுங்கள், விளக்கைச் சற்று உயர்த்துங்கள், பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிடுங்கள்.

எனக்குக் கவலை தருவது கருகிய விளிம்புதான். உப்பு எந்த வழியாக வெளியேறும் என்பதையே நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஹைட்ரோபோனிக்ஸில் பழைய கரைசலை அவ்வப்போது கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவீர்கள். சாதாரணத் தொட்டியில் மேலே ஊற்றும் நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு அடித்துளை வழியே போய்விடும். இந்தத் தொட்டியிலோ நீர் கீழிருந்து மேலே மட்டுமே நகர்கிறது. செடி நீரைக் குடிக்க, மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாக, உப்பளத்தில் நடப்பதுபோல உப்பு மட்டும் தங்கிக்கொண்டே போகிறது. ஆகவே, இவ்வகைத் தொட்டியின் அடியில் ஊட்டக் கரைசலை ஊற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது குற்றவாளி கோகோபீட். தென்னை நாரில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு ஆகியவை இயல்பாகவே உண்டு. கழுவினால் கரைந்த உப்பு மட்டுமே போகும். துகளோடு பிணைந்த பொட்டாசியமும் சோடியமும் போகாமல் இருந்து, நீங்கள் தரும் கால்சியத்துக்கு இடம்விட்டு வெளிவரும். செடிக்குக் கிடைக்க வேண்டிய கால்சியம் துகளிலேயே சிக்கிக்கொள்ளும். தக்காளிக் காயின் நுனி கறுத்து அழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். "கழுவியது, அப்படியே பயன்படுத்தலாம்" என்று உறையில் அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். ஊறவைத்த நீரில் ஈசி மீட்டரை (கரைந்த உப்பின் அளவை மின்கடத்துதிறனைக் கொண்டு காட்டும் கருவி) வைத்துப் பார்த்து, சென்டிமீட்டருக்கு 0.5 மில்லி சீமன்ஸுக்கு மேல் காட்டினால் மீண்டும் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, இறுதியாக ஒருமுறை அலசுங்கள். இந்த உண்மையைச் சொல்லாமல் டானிக் விற்பவர் உங்கள் செடிக்கு நன்மை செய்யவில்லை.

நட்டுவிட்ட செடிகளைப் பிடுங்க வேண்டாம். அடித்தொட்டியைக் காலி செய்துவிட்டு மேலிருந்து நல்ல நீரை நிதானமாக ஊற்றி, கீழே இறங்கியதை ஒவ்வொரு முறையும் சாய்த்துக் கொட்டுங்கள். இறங்கும் நீர் 1 மில்லி சீமன்ஸுக்குக் கீழே வரும்வரை இதைத் தொடருங்கள். மறுநாள் கால்சியம் உள்ள ஊட்டக் கரைசலைப் பாதி வலிமையில் மேலிருந்து கொடுங்கள். தக்காளித் தண்டு வேர்விடும் என்பதால் கழுத்துவரை துகளை அணைக்கலாம்; மிளகாய்க்கு வேண்டாம்.

புதிய தளிர் வந்த பின் அடித்தொட்டியில் வெறும் நீரை மட்டும் நிரப்புங்கள். மிகுந்த நீர் வழிந்தோடும் துளை அடைபடாமல் இருக்கட்டும். அதற்கு மேலுள்ள காற்று இடைவெளிதான் வேரை அழுகாமல் காக்கிறது. அடுத்த முறை நிரப்பும் முன் ஒரு நாள் காலியாக விடுங்கள். மாதம் ஒருமுறை மேலிருந்து கழுவுங்கள். மேற்பரப்பில் வெண்பொருக்கு தெரிந்தால் முதலில் அதைச் சுரண்டி அகற்றிவிட்டுக் கழுவுங்கள், இல்லையெனில் அந்த உப்பு முழுவதும் கரைந்து வேருக்கே இறங்கும்.