பதில்: முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவின் தொடை மரத்துப்போச்சு

டி8-ல் (நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் எட்டாவது எலும்பு) போட்ட ஸ்க்ரூ நரம்பில் பட்டதால்தான் அப்பாவின் தொடை மரத்துப்போச்சா என்று கேட்டிருக்கீங்க. அப்படி வந்தது மாதிரி தெரியலைங்க. டி8-ல் தண்டுவடம் அழுந்தினால் மரப்பு வயிற்றிலிருந்தே கீழே பரவும், கால் பலமும் போகும். அப்பாவுக்கோ வலது தொடையின் வெளிப்பக்கம் மட்டும், எரிச்சலோடு என்கிறீர்கள்.

பெரும்பாலும் படுக்க வைத்த விதம்தான். தழும்பு நடுமுதுகில் என்றால் குப்புறப் போட்டுச் செய்திருக்கிறார்கள். நெஞ்சுக்கும் இடுப்பெலும்புக்கும் மெத்தை கொடுத்து, வயிறு அழுந்தாமல் தொங்க விடுவார்கள். அப்போதுதான் ரத்தக்கசிவு குறையும். ஆனால் மணிக்கணக்கில் உடம்பு எடை இடுப்பெலும்பின் முன்முனையில் நிற்கும். தொடைத் தோலுக்கான நரம்பு அதை ஒட்டித்தான் இறங்குகிறது. வெறும் உணர்ச்சி நரம்பு, தசையை அசைப்பது அதன் வேலையில்லை. பக்கவாட்டில் படுக்கவைத்து விலா வழியாக ஆபரேஷன் செய்திருந்தால் அழுத்தம் வேறு இடங்களில் விழும்.

படுத்தபடியே முழங்காலை நீட்டி, பாதத்தை மேலே மடக்கச் சொல்லுங்கள். இரண்டு காலும் சமமாக வந்தால் நல்லது. அரைஞாண் கயிறு, வேட்டி முடிச்சு அந்த இடத்தில் இறுக்குதா பாருங்க. முதுகுக்குப் போட்ட பெல்ட் அழுத்தினால் நீங்களே தளர்த்தாதீங்க, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்க.

பொதுவாகச் சில வாரம், சிலருக்குச் சில மாதத்தில் குறையும். எப்படியும் அடுத்த செக்கப்பில் சொல்லிவிடுங்கள்.

கால் தளர்ந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, மரப்பு மேலே ஏறினாலோ இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பாலக்கோட்டில் கிளினிக் தேடாமல் உடனே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்க.