தமிழ் முஸ்லிம்கள் வீட்டில் உருதுதான் பேசுவார்களா? தமிழ் என்றால், எல்லா ஊரிலும் ஒரே தமிழா?

எங்களுக்குத் தாய்மொழி தமிழ்தான். சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய நாட்களில் இந்த உருதுக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். திருவல்லிக்கேணியில் தக்கனி உருது பேசும் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. அதை வைத்து எங்களையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள்.

ஆனால் ஒரே தமிழா என்றால், இல்லை. நான் திண்டுக்கல் பக்கத்து ராவுத்தர், அதாவது உள்நாட்டுத் தமிழ் முஸ்லிம்களில் ஒரு பிரிவு. மனைவிக்குக் காயல்பட்டினம். இருப்பது சென்னை மண்ணடியில். எங்கள் வீட்டில் அத்தா (அப்பாதான்), அம்மா, அண்ணன், அக்கா. அவர்கள் வீட்டில் வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா. நாகூர்ப் பக்கம் போனால் அண்ணன் ‘நானா’. கல்யாணமான புதிதில் மாமியார், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். "இன்னும் பசிக்கல மாமி" என்றேன். அவர் கேட்டது காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று!

மகள் என்னை அத்தா என்பாள். மனைவி வீட்டு வழக்கப்படி தாத்தாவை ‘அப்பா’ என்பாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் அப்பாவை அழைத்து வரச் சொன்னார்கள். மறுநாள் காலை மாமனார் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி நிற்கிறார்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. காயல்பட்டினம், நாகூர் போன்ற கடலோர ஊர்கள் அரபு நாடுகளோடும் இலங்கையோடும் நூற்றாண்டுக்கணக்கில் கப்பல் வணிகம் செய்தவை. இஸ்லாமிய மார்க்கச் சட்டத்தில் பல வழிகள் உண்டு; அதிலும் அங்கே ஷாஃபி வழி, ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி வழி. உள்நாட்டில் இருந்த எங்கள் பேச்சு அக்கம்பக்கத்து ஊர்ப்பேச்சோடு சேர்ந்தே வளர்ந்தது.

அதற்காகக் கடலோரத் தமிழில் அரபுதான் அதிகம் என்று நினைக்காதீர்கள். குழம்பை ‘ஆணம்’ என்பது பழைய தமிழ்ச் சொல். மற்றவர்கள் விட்டுவிட்டதை முஸ்லிம் அடுப்படிகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. மனைவி வைக்கும் புளியாணத்துக்கு ஈடே கிடையாது. உருதுக்காரர்கள் நமாஸ், ரோஜா என்பதை நாங்கள் இரு பக்கத்தாரும் தொழுகை, நோன்பு என்கிறோம். எனக்கு இதில் பெருமை உண்டு.

அப்புறம், மாமியாரிடம் அவருடைய உம்மா எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அரபுத்தமிழ்: வலமிருந்து இடமாக ஓடும் அரபு எழுத்து, தமிழ் ஓசைகளுக்காகச் சில எழுத்துகளில் கூடுதல் புள்ளிகள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாமி விரலை வைத்து வாசித்தார்: "புள்ளைக்கு இருமல் விட்டுச்சா?"