இரண்டு முறைக்கு மேல் கூடாதா?

கேள்வி: அமெரிக்க அதிபர் இரண்டு தடவைக்கு மேல் வர முடியாதாம். நம் குடியரசுத் தலைவருக்கும் அப்படியா? டீக்கடையில் தினமும் இதே வழக்கு.
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இல்லை. அரசியல் சட்டப் பிரிவு 57 மறுபடி நிற்க அனுமதிக்கிறது. எத்தனை முறை என்று வரம்பில்லை. ஆனாலும் இரண்டு தடவை ஜெயித்தவர் ராஜேந்திர பிரசாத் மட்டுமே.

அமெரிக்காவில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு முறை ஜெயித்த பிறகு, இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்று 1951-ல் அரசியல் சட்டத்தின் 22-வது திருத்தம் வந்தது. டீக்கடையில் கோட்டை விடுவது இதைத்தான்: துணை அதிபர் இடையில் பதவியேற்று, முந்தையவரின் மிச்ச காலத்தில் 2 ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டால், பிறகு ஒரே முறைதான் தேர்ந்தெடுக்கப்படலாம். அதற்குள் என்றால் இரண்டு முறை. ஆக, உச்சம் 2 + 4 + 4 = 10 ஆண்டு.

பக்கத்து இலங்கையில் 2010-ல் வரம்பை நீக்கி, 2015-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள்!