பகுதிநேரப் பேராசிரியர் வேலை: மகள் கணக்குப் போட்டுப் பார்த்தாளா?

கேள்வி: என் மகளுக்கு 28 வயது. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து நாலு வருடமாகக் குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். இப்போது அதை விட்டுவிட்டு, கல்லூரியில் பகுதிநேரமாகச் சமூகப்பணிப் பாடம் எடுக்கப் போகிறேன் என்கிறாள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு இன்னும் எழுதவில்லை. பகுதிநேரமாகச் சேர்ந்தால் அப்படியே நிரந்தரமாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வரன் பார்க்கும் நேரத்தில் இது சரிப்படுமா?
- ஒரு தாய், அம்பத்தூர்

பதில்: வரன் விஷயத்தை உங்களிடமே விட்டுவிடுகிறேன் அம்மா. வேலையைப் பற்றி மட்டும் பேசுவோம். மகளின் ஆசை நல்ல ஆசைதான். இருக்கிற வேலையை விட்டுவிட்டு அதைச் செய்ய நினைப்பதுதான் தவறு.

"அப்படியே நிரந்தரமாகிவிடும்" என்பதை முதலில் மறந்துவிடச் சொல்லுங்கள். நிரந்தர உதவிப் பேராசிரியர் பணிக்குத் தனி அறிவிப்பு வரும், தனித் தேர்வுக் குழு உட்காரும். பகுதிநேரத்தில் பத்து வருடம் வகுப்பெடுத்தவரும் அந்த வரிசையில் புதிதாகத்தான் நிற்க வேண்டும். தற்காலிகப் பணிக்காலத்தைப் பிற்காலப் பதவி உயர்வுக்குச் சேர்த்துக்கொள்ள யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை இடம் தருகிறது. ஆனால் அப்போதே முழுத் தகுதி இருந்திருக்க வேண்டும், முறையான தேர்வுக் குழு மூலம் நியமனம் நடந்திருக்க வேண்டும், நிரந்தர ஆசிரியருக்குக் குறையாத சம்பளம் வாங்கியிருக்க வேண்டும். மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் இந்த மூன்றாவது நிபந்தனையிலேயே அடிபட்டுப் போவார்.

பணக் கணக்குக்கு வருவோம். இப்படி வகுப்புக் கணக்கில் பாடம் எடுக்கும் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு ரூ.1,500, மாதம் அதிகபட்சம் ரூ.50,000 என்று 2019-ல் யுஜிசி வழிகாட்டுதல் வெளியிட்டது. காகிதத்தில் அழகாக இருக்கிறது. அரசு உதவி இல்லாமல் நடக்கும் சுயநிதிப் பிரிவுகளில் தருவது இதைவிட வெகு குறைவாக இருக்கலாம். வாரம் நாலு மணி நேரம் வரும் ஒரு பேப்பர் (ஒரு பாடம்), 15 வாரம் என்றால் 60 மணி நேரம். மணிக்கு ரூ.500 என்று வைத்துக்கொண்டால் ஒரு செமஸ்டருக்கு ரூ.30,000, அதாவது ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஐயாயிரம். யுஜிசி சொல்கிற ரூ.1,500 கிடைத்தால்கூட ஒரு பேப்பருக்கு மாதம் பதினைந்தாயிரம்தான். மே மாதமும் தேர்வு நாட்களும் இதில் வராது. முதல் முறை எடுக்கும் பாடத்துக்கு ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரமாவது படித்துத் தயார் செய்ய வேண்டும். அந்த நேரத்துக்குக் காசு கிடையாது.

வேலையை வைத்துக்கொண்டு ஒரு பேப்பர் எடுத்தால் இதே தொகை கூடுதல் வருமானம். இன்னொன்றும் உண்டு: துறையில் நிற்கிறவர் என்பதற்காகத்தான் கல்லூரி அவரைத் தேடுகிறது. வேலையை விட்டவுடன் அந்த மதிப்பில் பாதி போய்விடும்.

அடுத்து நெட். 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட், ஸ்லெட் கட்டாயத் தகுதி, பிஎச்.டி. விருப்பத் தகுதி. கௌரவ விரிவுரையாளருக்கும் இதே தகுதிதான் என்கிறது யுஜிசி. நெட் இல்லாதவரையும் சில சுயநிதிக் கல்லூரிகள் எடுத்துக்கொள்ளும். ஆனால் தகுதி ஒப்புதலுக்கோ, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் ஆய்வுக்கோ பட்டியல் தயாராகும்போது முதலில் நீக்கப்படுகிற பெயர் அவருடையதாகத்தான் இருக்கும்.

நெட் தேர்வு வழக்கமாக ஜூன், டிசம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, அதனால் ஒன்றையும் விடாமல் குறிக்க வேண்டும். பலர் விழுவது தேர்வில் அல்ல, விண்ணப்பப் படிவத்தில். அங்கே கவனிக்க வேண்டியவை:

சமூகப்பணிக்கான பாட எண் 10. எம்.எஸ்.டபிள்யூ.வில் மனிதவளம் எடுத்தவர்கள் எளிதென்று நினைத்துத் தொழிலாளர் நலம், மனிதவள மேலாண்மைக்கான 55-ஐத் தேர்வு செய்வதுண்டு. பிறகு சமூகப்பணித் துறையில் விண்ணப்பித்தால் "சம்பந்தப்பட்ட பாடத்தில் நெட் எங்கே?" என்று கேட்பார்கள். உங்கள் மகளுக்கு 10 போதும்.

முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். 54.8-ஐ 55 ஆக்கிக்கொள்ள முடியாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஓபிசி பிரிவினருக்கு 50. நம் ஊரில் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் கையில் இருந்தால் அதுவே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். போதாது. மத்தியப் பட்டியலின்படி கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவு) அல்லாதவர் என்ற ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் இதைப் பிரித்துச் சொல்லிக் கேளுங்கள்.

2024 ஜூனிலிருந்து முடிவுகள் மூன்று பிரிவாக வருகின்றன. "பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்" என்ற மூன்றாம் பிரிவில் வந்தால் நெட் பாஸ் என்று லட்டு வாங்கிவிடாதீர்கள். அது உதவிப் பேராசிரியர் தகுதி ஆகாது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு கிடையாது என்பதால் 28 ஒன்றும் தாமதம் இல்லை.

சென்னையில் இடத்துக்குக் குறைவில்லை. எழும்பூரில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், நுங்கம்பாக்கம் லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், தாம்பரம் கிறித்துவக் கல்லூரி என்று சமூகப்பணித் துறைகள் பல இருக்கின்றன. பிற்பகல் ஷிப்ட் நடக்கும் கல்லூரிகளில், காலையில் களத்துக்குப் போய்விட்டு இரண்டு மணிக்கு மேல் வகுப்பெடுக்க முடியும். இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வகுப்புகள் பெரும்பாலும் விடுமுறை நாட்களில்தான். வேலையில் இருப்பவருக்கு அது வசதி. இக்னோவில் படிப்பு மைய ஒருங்கிணைப்பாளர் வழியாகத் தன்விவரம் மண்டல மையத்துக்குப் போய் ஒப்புதல் வர வேண்டும்.

உள்ளே நுழைய நேர் வழி எது என்று கேட்டால், நான் வகுப்பறையைச் சொல்ல மாட்டேன். களப்பணி மேற்பார்வையைத்தான் சொல்வேன். எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்கள் வாரத்தில் இரண்டு நாள், ஏறக்குறைய 15 மணி நேரம் ஃபீல்டு ஒர்க் போகிறார்கள். அத்தனை பேரையும் பார்த்துக்கொள்ள ஆள் போதாத துறைகள்தான் அதிகம். உங்கள் மகளின் நிறுவனத்துக்கே மாணவர்கள் வருகிறார்கள் என்றால் இந்தப் பருவத்தில் ஏஜென்சி சூப்பர்வைசர் (நிறுவனத்தின் சார்பில் மாணவர்களை மேற்பார்க்கிறவர்) பொறுப்பை அவள் கேட்டு வாங்கட்டும். அதில் சம்பளம் இல்லை. ஆனால் துறைத் தலைவர் அவளுடைய குறிப்புகளைப் படிப்பார். பிறகு ஒரு மணி நேரச் சிறப்பு வகுப்பு, பிறகு வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கு வெளித் தேர்வாளர், பிறகு ஒரு பேப்பர் என்று படிப்படியாக வரும்.

அந்தக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி பாருங்கள். சிறார் இல்லத்துக்குப் போன மாணவர் அறிக்கையில் எழுதுகிறார்: "சிறுவன் ஒத்துழைக்கவில்லை. ஆலோசனை வழங்கப்பட்டது." இதற்கு "நன்று" என்று டிக் போட்டு அனுப்புகிற மேற்பார்வையாளரால் யாருக்கும் பயனில்லை. ஓரத்தில் எழுத வேண்டியது: "ஒத்துழைக்கவில்லை என்றால் என்ன செய்தான்? நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்? அவன் சொன்னதை அவன் வார்த்தையில் எழுதுங்கள்." மாணவர் திருத்தி எழுதி வருகிறார்: "கேள்வி கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மா எப்ப வருவாங்க என்று இரண்டு முறை கேட்டான். நான் பதில் சொல்லாமல் படிவத்தைத் தொடர்ந்தேன்." யார் ஒத்துழைக்கவில்லை என்பது இப்போது மாணவருக்கே தெரிந்துவிடும். தனிநபர்களோடு வேலை செய்வதைச் சொல்லித்தரும் கேஸ் ஒர்க் பாடத்தில் பாதி இந்த மூன்று வரியில் இருக்கிறது.

இதற்கு ஆகும் நேரத்தையும் எண்ண வேண்டும். எட்டு மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். தனிச் சந்திப்பு ஆளுக்கு அரை மணி என்றால் நாலு மணி நேரம். அறிக்கை ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் இரண்டே முக்கால் மணி கிட்ட. குழுச் சந்திப்பு ஒரு மணி. வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஓடிவிடும். தாம்பரத்தில் கல்லூரி, ராயபுரத்தில் ஏஜென்சி என்றால் நேரில் பார்க்கப் போகும் அன்றைக்கு அரை நாள் ரயிலிலேயே கழியும். கால அட்டவணையில் இதற்கு இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தால் மற்றதெல்லாம் தர்மத்துக்கு உழைப்பதுதான். சேரும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும்.

களப்பணியில் கெட்டுப்போகும் இடங்கள் அவளுக்கே தெரிந்திருக்கும். மாணவரை ஏஜென்சி டேட்டா என்ட்ரிக்கு உட்கார வைத்துவிடும். வருகைத் தாளில் கையெழுத்து இருக்கும், ஆள் இருந்திருக்க மாட்டார். நவம்பரில் பருவம் முடிந்ததும் மாணவர் காணாமல் போவார், அவரை நம்பிப் பேசிய குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாணவர், ஏஜென்சி, துறை மூவரும் என்னென்ன வேலை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் முதல் தொல்லை பெரும்பாலும் வராது. கடைசியாகச் சொன்னதற்கு, பருவம் முடிய மூன்று வாரம் இருக்கும்போதே விடைபெறும் சந்திப்புகளைத் தேதி போட்டு வைக்க வேண்டும்.

வகுப்பறையில் களத்து ஆட்கள் சறுக்குவது வேறு இடத்தில். அனுபவக் கதை சொல்லச் சொல்ல மாணவர்கள் ரசிப்பார்கள். அக்டோபரில் பார்த்தால் ஐந்து யூனிட்டில் இரண்டுதான் முடிந்திருக்கும். கேள்வித்தாளோ ஐந்திலிருந்தும் வரும். முதல் நாளே பழைய கேள்வித்தாள் மூன்றை வாங்கி, ஒவ்வொரு யூனிட்டுக்கும் 12 மணி நேரம் என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, குழந்தைகள் நலத்தில் இருப்பவர் மிகக் கவனமாக இருக்க வேண்டியது: சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன்படி குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது. பெயரை மட்டும் மாற்றிவிட்டு ஊர், பள்ளி, சம்பவம் எல்லாம் அப்படியே சொன்னால் வகுப்பில் ஒருவருக்காவது அது யாரென்று தெரிந்துவிடும்.

பழைய நோட்ஸை நம்பவே கூடாது. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் இடத்தில் 2017 சட்டம் வந்துவிட்டது. மாற்றுத்திறன் வகைகள் 1995 சட்டத்தில் 7, 2016 சட்டத்தில் 21. நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கின்றன. கைமாறி வரும் ஜெராக்ஸ் நோட்ஸில் இவையெல்லாம் பழைய ஆண்டோடுதான் இருக்கும்.

"ப்ரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ்" என்று துறை அனுபவசாலிகளுக்கு ஒரு பதவி இருக்கிறதாமே, நெட் வேண்டாமாமே என்று மகள் கேட்கலாம். உண்மைதான், யுஜிசி 2022-ல் வழிகாட்டுதல் தந்தது. ஆனால் துறையில் குறைந்தது 15 வருட அனுபவம் வேண்டும். அவளுக்கு இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது.

ஜூன் பருவத்துக்கு ஏப்ரலிலும், டிசம்பர் பருவத்துக்கு அக்டோபர் கடைசியிலும் துறைத் தலைவர்களைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 15, 20 நிமிட மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். "சமூகப்பணி, ஓர் அறிமுகம்" மாதிரி தலைப்பு வேண்டாம். தத்தெடுப்புக்கு முன் நடக்கும் வீட்டு ஆய்வு, குழந்தைகள் நலக் குழு முன் சமர்ப்பிக்கும் சமூக விசாரணை அறிக்கை என்று அவள் கை பழகிய ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும்.

நியமனக் கடிதத்தில் எந்தப் பேப்பர், வாரம் எத்தனை மணி, மணிக்கு எவ்வளவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற நான்கும் இருக்க வேண்டும். களப்பணி மேற்பார்வைக்கும் விடைத்தாள் திருத்துவதற்கும் தனித் தொகை உண்டா, மாதா மாதம் தருவார்களா, செமஸ்டர் கடைசியில்தானா என்பதை வாயால் கேட்டு, கடிதத்தில் எழுதி வாங்குங்கள். "முதலில் சேருங்கள், ஆர்டர் பிறகு வரும்" என்றால் இரண்டாவது வாரத்தைத் தாண்டிப் போகக் கூடாது. தற்போதைய நிறுவனத்திடம் முன்கூட்டியே தடையில்லாச் சான்று வாங்கிவிட வேண்டும். வாரத்தில் எந்த இரண்டு பிற்பகல் வெளியே போவாள் என்பது அதில் தெளிவாக இருந்தால் பிறகு மேலாளர் மாறினாலும் பிரச்சினை வராது.