சங்கப் பீரோவைத் திறக்கும் முன்: செவிலியர் சங்க ஆவணங்கள் – கேள்வி பதில்

இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908இல் உருவானது. அதன் இதழ் 1910இல் தொடங்கியது. தேசிய அளவிலான கதைக்கு அச்சுச் சான்று உண்டு. மாவட்டக் கிளைகளின், மருத்துவமனைச் சங்கங்களின் கதையோ பீரோக்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் கிடக்கிறது. அவற்றைக் காப்பாற்ற முனைந்திருக்கும் உறுப்பினர்களின் கேள்விகளுக்கு, ஆவணக் காப்பகப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

பீரோ நிறையத் தாள்கள். ஆண்டுவாரியாகப் பிரித்து அடுக்கிவிடலாம் என்று இளைய உறுப்பினர்கள் துடிக்கிறார்கள். தொடங்கலாமா ஐயா? (மதுரை)

கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். முதலில் தட்டு தட்டாகப் படம் எடுங்கள். எந்தக் கட்டு எதற்கு அடுத்து இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மினிட் புத்தகத்தில் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டில்), இரவுப்பணிப் படி கேட்கும் தீர்மானம் இருந்த பக்கத்தில் கசங்கிய கார்பன் நகல் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அரசுக்கு அனுப்பிய மனு. தேதியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அதை உருவி 'மனுக்கள்' கோப்பில் போட்டிருந்தால் அநாதைத் தாளாகியிருக்கும். எந்த ஆண்டு, எந்தக் கூட்டம் என்பதை அது செருகியிருந்த இடம்தான் காட்டிக்கொடுத்தது. கட்டுகளைக் கலைக்காமல் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துப் பட்டியல் எழுதுங்கள். ஆண்டுவாரியாகத் தேடப் பட்டியல் போதும். துருப்பிடித்த குண்டூசிகளை மட்டும் பதமாகக் கழற்றிவிடலாம்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமில்லை. எதைக் கழிக்கலாம்? (சேலம்)

மினிட் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, ஆண்டறிக்கை, தணிக்கை செய்த கணக்கு, தேர்தல் தாள்கள், மனுக்களும் அவற்றுக்கு வந்த பதில்களும், புகைப்படம், மாநாட்டு மலர் ஆகியவற்றைத் தொடாதீர்கள். உறுப்பினர் பதிவேட்டைப் பலரும் வெறும் சந்தாக் கணக்காக நினைக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் செவிலியர், பேறுகாலத் தாதியரைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1926இல் வந்தது. பழைய பதிவேட்டில் பெயருக்கு எதிரே பதிவு எண்ணும் பயிற்சி பெற்ற மருத்துவமனையும் இருந்தால், எந்த ஊர்ப் பெண்கள் எங்கே படித்து எங்கே வேலைக்குப் போனார்கள் என்பதை அதிலிருந்தே எழுதிவிடலாம். தணிக்கை முடிந்த பழைய ரசீதுக் கட்டைகளைச் செயற்குழுத் தீர்மானம் போட்டுக் கழிக்கலாம். மாதிரிக்கு ஒன்றிரண்டை வையுங்கள்.

கிழிந்த பக்கங்களை லேமினேஷன் செய்தோம். மீதியையும் செய்யட்டுமா? (திருநெல்வேலி)

வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக்கைப் பிறகு எடுப்பது மிகவும் கடினம். காகிதத்தில் இருக்கும் அமிலமும் உள்ளேயே தங்கி வேலையைக் காட்டும். செலோடேப்பும் அப்படித்தான், பசை மஞ்சளாகி எழுத்துவரை ஊறும். மெல்லிய ஜப்பானியக் காகிதமும் கோதுமை ஸ்டார்ச் பசையும்தான் முறையான ஒட்டு. அது தெரிந்தவர் கிடைக்கும்வரை கிழிந்ததைக் கிழிந்தபடியே உறையில் வையுங்கள். லேமினேஷன் ஆகிவிட்டதைப் பிய்க்கப் பார்க்காதீர்கள்.

பூச்சிக்கு அந்துருண்டை போதுமா? (நாகப்பட்டினம்)

கரையானை அது தடுக்காது, அறையில் உட்காருபவருக்குத் தலைவலிதான் மிச்சம். பீரோவைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், தரையிலிருந்து உயர்த்துங்கள். உங்கள் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டியே இருந்தால் பூஞ்சை வரும். காற்றோட்டமும் மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதும் அவசியம். பூச்சி விழுந்த புத்தகத்தைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சி செத்துவிடும். புகைப்படங்களுக்கு இந்த வைத்தியம் கூடாது.

மழைவெள்ளத்தில் மூன்று பெட்டிகள் நனைந்துவிட்டன. (சென்னை)

48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். வழவழப்பான தாளில் அச்சிட்ட மாநாட்டு மலர்களை முதலில் கவனியுங்கள். காய்ந்தால் பக்கங்கள் பலகைபோல ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. அடுத்து, பேனா மையில் எழுதியவை. மின்விசிறிக் காற்று போதும். வெயில், ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி மூன்றும் ஆகாது. ஒரே நாளில் முடியாத அளவு இருந்தால் மீதியை உறையவைத்துவிடுங்கள். உறைந்த தாளில் பூஞ்சை வளராது, பிறகு நிதானமாகக் காயவைக்கலாம்.

ஸ்கேன் செய்துவிட்டால் மூலத்தைத் தூக்கிப் போடலாமா? (கோவை)

கூடாது. செல்போன் செயலிகள் பக்கத்தை 'வெளுத்து'க் காட்டும் ஆர்வத்தில், ஓரத்துப் பென்சில் குறிப்புகளையே துடைத்துவிடுகின்றன. ஸ்கேன் நுணுக்கம் எழுத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), புகைப்படத்துக்கு 600. மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு ஊரில். வாட்ஸ்அப் குழுவில் போட்டதைப் பிரதியாகக் கணக்கிடாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடுகிறது.

சக செவிலியர்மீது வந்த புகார்க் கடிதங்கள் இருக்கின்றன. சிலவற்றில் நோயாளிகளின் பெயரும் உண்டு. எரித்துவிடலாம் என்கிறார்கள். (தஞ்சாவூர்)

எரித்தால் அநியாயமாகப் பழிசுமந்தவரின் விளக்கமும் சேர்ந்தே எரியும். தனி உறையில் போட்டு முத்திரையிட்டு, எத்தனை ஆண்டுக்குத் திறக்கக்கூடாது என்று செயற்குழுவில் தீர்மானம் போடுங்கள். ஸ்கேன் வேண்டாம், பட்டியலிலும் பெயரில்லாமல் எண் மட்டும் எழுதுங்கள்.

வெளியே ஒப்படைப்பதானால்? (திருச்சி)

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகம் ஆகியவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். கொடுப்பது நன்கொடையா, பாதுகாக்கத் தருவதா, யார் பார்க்கலாம் என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு தாளையும் நகர்த்தாதீர்கள்.

பழைய செயலாளர் அம்மா வீட்டில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. கேட்கத் தயக்கமாக இருக்கிறது. (ஈரோடு)

சங்கத்துக்கு அலுவலகம் இல்லாத காலத்தில் அவர் வீடுதான் அலுவலகம். இத்தனை ஆண்டு காத்ததற்கு முதலில் நன்றி சொல்லுங்கள். வாங்கும்போது பட்டியல் போட்டுக் கையெழுத்திட்ட ரசீது கொடுங்கள். அப்படியே புகைப்படங்களைக் காட்டி, யார் யார் என்று கேளுங்கள். அவருக்குப் பிறகு அந்த முகங்களுக்குப் பெயர் சொல்ல ஆளிருக்காது. பெயர்களைப் படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், முன்பக்கம் அழுந்தும். மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதுங்கள். வழுக்கும் தாளானால் உறைமேல் எழுதி, பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.